பழைய வால்வு கிற்றார் அம்புக்கு எந்தக் கப்பாசிட்டர் போடுவது?

பழைய வால்வு அம்ப் ஒன்றை, அதாவது கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிற்றாரின் ஒலியைப் பெருக்குகிற பெட்டியை, திறந்து வைத்தால் பக்கத்தில் நிற்கிறவர்களிடமிருந்து இரண்டு கதை கட்டாயம் வரும். ஒன்று, "உள்ளே இருக்கிற கப்பாசிட்டரைத் தொடாதே, ஒரிஜினல் சத்தம் போய்விடும்." மற்றது, "இருக்கிறதிலேயே பெரிய கப்பாசிட்டராகப் பார்த்துப் போடு, உறுமல் அடியோடு நின்றுவிடும்." முதலாவதை நம்பினவர் 60 ஆண்டு பழைய சாமானோடு அம்பை ஓட்டி, கடைசியில் டிரான்ஸ்போமரை எரித்துக்கொள்கிறார். இரண்டாவதை நம்பினவர் நல்ல ரெக்டிபயர் வால்வு ஒன்றைக் கொன்றுவிடுகிறார்.

திருகோணமலையில் இந்த அம்புகள் கடையில் வாங்கி வருவதில்லை. வெளிநாட்டில் இருக்கிற உறவுக்காரர் வழியாகவோ, கைமாறிக் கைமாறியோதான் ஒரு கோவில் இசைக்குழுவுக்கோ தேவாலயப் பாடகர் குழுவுக்கோ வந்து சேர்கின்றன. போனால் இன்னொன்று கிடைப்பது கஷ்டம். அதனால் ஈயம் வைக்கத் தெரியாதவர்களும் இந்த விஷயத்தை ஓரளவு விளங்கி வைத்திருப்பது நல்லது. திருத்துகிறவரிடம் எதைக் கேட்க வேண்டும், அவர் எதைப் போட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

அம்புக்குள் ஒரு கந்தளாய்க் குளம்

மாரி மழை சில வாரங்களில் ஒரேயடியாகக் கொட்டித் தீர்க்கிறது. வயலுக்கு அப்படித் தண்ணீர் வந்து பயனில்லை, அதற்கு நாள்தோறும் ஒரே அளவாக வர வேண்டும். கந்தளாய்க் குளம் அந்த மழையை வாங்கி வைத்துக்கொண்டு சிறுபோகத்துக்கு வாய்க்கால் வழியாகச் சீராக விடுகிறது. எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர், அதாவது உள்ளே ஈரம் இருக்கிற உருளை வகைக் கப்பாசிட்டர், அம்புக்குள் செய்கிற வேலையும் இதுதான்.

சுவரில் இருந்து வருவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடுகிற மின்சாரம். நமது நாட்டில் அது 230 வோல்ற், செக்கனுக்கு 50 சுற்று. வால்வுக்கு வேண்டியதோ டிசி, ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம். இடையில் ரெக்டிபயர் என்ற பாகம் இருக்கிறது; அது வால்வாகவும் இருக்கலாம், டயோடாகவும் இருக்கலாம். அது திசையை மட்டும்தான் ஒழுங்காக்கும். அதைத் தாண்டி வந்த பிறகும் மின்சாரம் செக்கனுக்கு 100 தடவை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் நிரம்பி, ஒவ்வொரு இறக்கத்திலும் கொடுத்து, அந்த மேடு பள்ளத்தை நிரவுவதுதான் கப்பாசிட்டர்.

குளத்துக்குப் பரப்பு இருக்கிறது, கட்டுக்கு உயரம் இருக்கிறது. கப்பாசிட்டரின் பரப்புத்தான் மைக்ரோபரட் என்று எழுதியிருக்கிற எண், எவ்வளவு மின்னைத் தேக்கும் என்பது அதில் தெரியும். கட்டின் உயரம் வோல்ற் எண், அதற்கு மேலே தண்ணீர் ஏறினால் கட்டு தாங்காது. கந்தளாய்க் கட்டு 1986 ஏப்ரலில் உடைந்ததை இந்த மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஓர் அம்பில் இப்படி ஒரு குளம் மட்டும் இருக்காது, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் போகிற மாதிரி நாலைந்து குளங்கள் தொடராக இருக்கும். ரெக்டிபயரை ஒட்டி இருக்கிற முதலாவதில் அலை கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை. கடைசியில் இருக்கிறது கிற்றாரின் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்குகிற வால்வுக்குப் போகிறது. அங்கே அலையே இருக்கக் கூடாது, இருந்தால் அதுவும் சேர்ந்து பெருகி ஒலிபெருக்கியில் வந்துவிடும்.

ஆக, மைக்ரோபரட் பரப்பு, வோல்ற் உயரம். இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தால் மீதி எல்லாம் தன்னால் விளங்கும்.

ஏன் இது மட்டும் கிழடாகிறது

வெட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டு நீள அலுமினியத் தாள்களும், இடையில் ஈரக் கடதாசியும் சுருட்டி வைத்திருக்கும். அந்த ஈரம்தான் எலெக்ட்ரோலைட், மின் கடத்துகிற ஒரு திரவம். ஒரு தாளின் மேல் அலுமினிய ஒக்சைட் படலம் வளர்த்திருக்கிறார்கள். மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட வராத தடிப்புத்தான். ஆனால் 450 வோல்ற்றைத் தாங்கி நிற்பது அந்தப் படலம்தான். படலம் மெல்லிசாக இருப்பதால்தான் இவ்வளவு சின்ன உருளைக்குள் இவ்வளவு மைக்ரோபரட் அடங்குகிறது.

இதில் இரண்டு பழுது வரும். முதலாவது, திரவம் ரப்பர் மூடி வழியாக ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லப் போய்விடும். காயக் காயத் தேக்குகிற அளவு குறையும், உள்தடையும் கூடும். உள்தடை என்பது கப்பாசிட்டர் மின்சாரத்தை வாங்கவும் கொடுக்கவும் தனக்குள்ளேயே போடுகிற தடை, இதைத்தான் ஈஎஸ்ஆர் என்கிறார்கள். இரண்டாவது, அம்ப் ஓடாமல் கிடந்தால் ஒக்சைட் படலம் பலவீனப்படும். படலத்தைப் பழையபடி வளர்ப்பது வோல்ற் ஏறுகிற போது நடக்கிற வேலை, அம்ப் அலுமாரியில் தூங்கினால் அது நடக்காது. அப்போது குளத்தின் அடி கசிகிற மாதிரி, நிற்க வேண்டிய மின்சாரம் ஊடே ஓடத் தொடங்கும். அந்த ஓட்டம் சூடாக்கும், சூடு திரவத்தை இன்னும் காய வைக்கும். ஒரு நாள் அது ஒரேயடியாக ஷோர்ட் ஆகும், அதோடு ரெக்டிபயரோ டிரான்ஸ்போமரோ போகும்.

"பாவிக்கவே இல்லை, பெட்டியோடு இருந்தது, அதனால் புதுசு மாதிரி" என்று சொல்லி விற்கிற பழைய கப்பாசிட்டரை வாங்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். வால்வு பெட்டிக்குள் 50 ஆண்டு இருந்தாலும் நன்றாக இருக்கலாம், எலெக்ட்ரோலிட்டிக் அப்படி இருக்காது. திருத்துகிறவர்கள் பொதுவாக வைத்திருக்கிற கணக்கு 15 முதல் 20 ஆண்டு. 1960களில் செய்த அம்பில் முதலில் வந்த கப்பாசிட்டரே இன்னும் இருந்தால், சத்தம் நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள்.

அடையாளங்கள் உண்டு. ஃபெண்டர் கொம்பனியின் பழைய அம்ப் ஒன்றைக் கவிழ்த்து, அடியில் இருக்கிற தகர மூடியைக் கழற்றினால், மண்ணிறக் கடதாசி உறை போட்ட உருளைகள் வரிசையாகப் படுத்திருக்கும். அவற்றின் முனையில் ரப்பர் வெளியே தள்ளிக் கொப்புளம் போட்டிருக்கும், சிலதில் உப்புப் பூத்த மாதிரி பொருக்கும் ஒட்டியிருக்கும். காதுக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. மேல் கம்பியில் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்தால், அதன் அடியில் சுருதி சேராத இன்னொரு சுரம் மெல்லக் கேட்கும். 440 ஹேர்ட்ஸ் சுரத்தோடு 100 ஹேர்ட்ஸ் அலை கலந்தால் 340 இலும் 540 இலும் வேண்டாத சுரங்கள் பிறக்கின்றன, கேட்பது அவைதான். "ஒரிஜினல் சத்தம்" என்று சிலர் பாதுகாக்கிறதில் இந்தப் பழுதும் அடக்கம். அந்த அம்ப் புதுசாக வந்த நாளில் அப்படி ஒலிக்கவில்லை.

எதை மாற்றுவது, எதை விடுவது

அம்பில் இருக்கிற எல்லாக் கப்பாசிட்டரும் எலெக்ட்ரோலிட்டிக் இல்லை. ஒரு வால்வில் இருந்து அடுத்த வால்வுக்குச் சிக்னலைக் கடத்துகிற சின்னக் கப்பாசிட்டர்கள் உலர்ந்த வகை, அவற்றில் காய்ந்து போகத் திரவம் இல்லை. பழைய ஒலியின் குணத்தில் அவற்றுக்கும், டிரான்ஸ்போமருக்கும், ஒலிபெருக்கிக்கும் பங்கு உண்டு. டிசியைக் கசியவிடாத வரை அவற்றில் கை வைக்க வேண்டாம். முழுப் பலகையையும் உரித்து எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன் என்கிறவரிடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

மாற்ற வேண்டியது மூன்று கூட்டம். டிசியைச் சீராக்குகிற பெரிய உருளைகள் முதலாவது. வால்வின் கதோட் என்ற முனைக்கும் பூமிக்கும் இடையில் இருக்கிற 25 மைக்ரோபரட், 25 வோல்ற் சின்னவை இரண்டாவது. ஒலிபெருக்கியை ஓட்டுகிற வெளியீட்டு வால்வுகளைக் கட்டுப்படுத்துகிற மறை (நெகட்டிவ்) வோல்ற்றேஜுக்கு, அதாவது பயஸுக்கு, இருக்கிற ஒன்றோ இரண்டோ மூன்றாவது. இந்த மூன்றாவதை மறக்கிறவர்கள் கனபேர். அது போனால் வெளியீட்டு வால்வுகள் கட்டுப்பாடில்லாமல் மின்சாரத்தை இழுத்துச் சிவந்து எரியும்.

அமெரிக்காவில் இருந்து வந்த பழைய அம்ப் என்றால் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு முள் பிளக்கோடு வந்தவற்றில், சுவர் மின்சாரத்தில் இருந்து உலோகச் சட்டத்துக்கு ஒரு கப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். அது எலெக்ட்ரோலிட்டிக் இல்லை, ஆனால் அது ஷோர்ட் ஆனால் சட்டம் முழுக்க மின்சாரம் ஏறி, கிற்றார் கம்பி வழியாக உங்கள் கைக்கு வரும். அதை எடுத்துவிட்டு பூமிக் கம்பியோடு மூன்று முள் பிளக் போட வேண்டும். இதற்கு விதிவிலக்கு ஒன்றும் இல்லை.

வோல்ற்: இதில் மட்டும் இறங்கி வரக் கூடாது

பழையதில் 450 என்று இருந்தால் புதியது 450 அல்லது அதற்கு மேல். அதற்குக் கீழே போகவே கூடாது. கூடினால் ஒலியில் ஒரு பழுதும் வராது, உருளை கொஞ்சம் பெரிசாகும், விலையும் கூடும், அவ்வளவுதான். உயரமான கட்டுக்குள் தண்ணீர் பதிவாக நின்றால் யாருக்கு நட்டம்?

அம்ப் ஓடும்போது அளந்து பார்த்து, "420 தானே காட்டுகிறது, 450 போதும்" என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஏசி வோல்ற்றேஜை 1.414 ஆல் பெருக்கினால் கப்பாசிட்டர் எட்டக்கூடிய உச்சம் வரும். டிரான்ஸ்போமர் 330 வோல்ற் தருகிறது என்று வைத்துக்கொள்வோம், உச்சம் ஏறத்தாழ 467. ஓடும்போது வால்வுகள் மின்சாரத்தை இழுப்பதால் அது 420க்கு இறங்கி நிற்கிறது. சுவிட்சைப் போட்ட முதல் சில செக்கன்களில் வால்வுகள் இன்னும் குளிர்ந்து கிடக்கும், இழுக்க ஆள் இல்லை. ஜீஸெட்34 மாதிரி மெல்லச் சூடாகிற ரெக்டிபயர் வால்வு இருந்தால் அது அம்பைக் காப்பாற்றும். அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் டயோட் செருகினால் 467 உடனே ஏறும். இனி சுவரில் 230க்குப் பதிலாக 250 வருகிறது என்று வையுங்கள், திருவிழா மேடையில் ஜெனரேட்டர் ஓடினால் இது புதினமில்லை. 467 என்பது 507 ஆகிவிடும். அதனால்தான் இப்படியான அம்புக்கு 450 போதாது, 500 வோல்ற்றுக்கு மேலே தாங்குகிற கப்பாசிட்டர் வாங்குங்கள் என்கிறேன்.

சில பெரிய அம்புகளில் இரண்டு கப்பாசிட்டரைத் தொடராகப் போட்டிருப்பார்கள். ஃபெண்டர் ட்வின் ரிவேர்ப்பில் 70 மைக்ரோபரட், 350 வோல்ற் இரண்டு இப்படி நிற்கின்றன. சேர்ந்து 700 வோல்ற் தாங்கும், தேக்குகிற அளவு மட்டும் பாதியாகி 35 ஆகும். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு 220 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கும், வோல்ற்றேஜைச் சரிபாதியாகப் பிரிக்கிறது அதுதான். கப்பாசிட்டரை மாற்றும்போது அந்த ரெசிஸ்டர்களையும் மாற்றுங்கள், சில்லறைக் காசுதான்.

மைக்ரோபரட்: கிட்ட வந்தால் போதும், ஓர் இடம் தவிர

பழைய எண்கள் 8, 16, 20, 25, 32, 50 என்று இருக்கும். இன்று கடையில் கிடைப்பது 10, 22, 33, 47. பயப்பட வேண்டாம். 20க்கு 22, 32க்கு 33, 50க்கு 47, 8க்கு 10 தாராளமாகப் போடலாம். அந்தக் காலத்து எலெக்ட்ரோலிட்டிக்கில் 20 என்று எழுதியிருந்தாலும் உள்ளே 30 வரை இருக்க இடம் கொடுத்திருந்தார்கள், அவ்வளவு தளர்வான அளவு அது. கதோட்டில் இருக்கிற 25க்கு 22 போட்டால் என்ன வித்தியாசம்? அந்த இடத்தில் பாதிப்பு 10 ஹேர்ட்ஸுக்கும் கீழேதான். கிற்றாரின் ஆகத் தடித்த கம்பியே 82 ஹேர்ட்ஸில் தொடங்குகிறது. காதுக்கு ஒன்றும் தெரியாது.

கவனிக்க வேண்டிய ஓர் இடம் ரெக்டிபயர் வால்வுக்கு அடுத்து நிற்கிற முதல் கப்பாசிட்டர். குளம் பெரிசானால் அதை நிரப்ப ஒவ்வொரு ஏற்றத்திலும் கூடுதலான மின்சாரம் ஒரே பாய்ச்சலாக ஓட வேண்டும், அது முழுக்க ரெக்டிபயர் வால்வு ஊடாகத்தான் வரும். ஒவ்வொரு வால்வுக்கும் இதில் ஓர் எல்லையைச் செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜீஸெட்34க்கு 60 மைக்ரோபரட், 5யூ4ஜீபிக்கு 40, சின்ன அம்புகளில் வருகிற 5வை3க்கு 20 அளவில்தான். 5வை3 இருக்கிற அம்பில் 100 மைக்ரோபரட் போட்டால் வால்வுக்குள் நீலப் பொறி பறக்கும்.

வால்வு சாகாவிட்டாலும் வாசிப்புத் தெரிந்தவருக்கு மாற்றம் பிடிபடும். பல கம்பிகளைச் சேர்த்துப் பலமாக ஒரு சோர்டை (chord) அடிக்கிறபோது வோல்ற்றேஜ் ஒரு கணம் தணிந்து பிறகு எழும்பும், அந்த அமுக்கம்தான் பழைய சின்ன அம்புகளின் இனிமையில் ஒரு பங்கு. முதல் குளம் மிகப் பெரிசானால் அமுக்கம் குறைந்து, அடி இறுகிவிடும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு, பழைய அம்ப் வைத்திருக்கிறவர் அதை இழப்பது கவலையான விஷயம். ஆகவே முதல் இடத்தில் பழைய எண்ணுக்குக் கிட்ட நில்லுங்கள், மற்ற இடங்களில் ஒரு படி கூடினால் பரவாயில்லை.

கச்சான் காற்றும் 105 பாகையும்

கப்பாசிட்டரில் மூன்றாவதாக ஓர் எண் இருக்கும், 85 பாகை அல்லது 105 பாகை. அந்தச் சூட்டில் இத்தனை மணித்தியாலம் நிற்கும் என்று செய்தவர் சொல்கிற கணக்கு அது. சூடு 10 பாகை குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது நடைமுறை விதி. 85 பாகையில் 2000 மணித்தியாலம் என்று எழுதினது, 65 பாகையில் 8000 மணித்தியாலம் வரும். 105 பாகையில் 5000 என்று எழுதினது அதே 65 பாகையில் 80,000.

கச்சான் வீசுகிற மாதங்களில் திருமலையில் வெளியே நின்றாலே 35 பாகை. பெரிய வெளியீட்டு வால்வுகளுக்குப் பக்கத்தில், மூடின பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குளிர் நாட்டில் இருக்கிறவர்கள் 85 பாகை போதும் என்று எழுதுவது அவர்களுக்குச் சரி. இங்கே 105 கிடைத்தால் 105 எடுங்கள்.

பெயர் பெற்ற கொம்பனிகள் பற்றி நிறையக் கதை உண்டு. ஸ்ப்ரேக் அட்டம், எஃப் அண்ட் டி, ஜேஜே எல்லாம் கிற்றார் அம்புக்குப் பழகின பெயர்கள். நிச்சிகொன், ரூபிகொன், பனசொனிக் ஆகியவை பொதுவான மின்னியலில் நம்பத்தக்கவை. இவற்றுக்கிடையே ஒலியில் வித்தியாசம் தேடி நாளைக் கழிப்பதை விட, உண்மையான சாமானா, புதிய சாமானா என்று பார்ப்பதில் நேரத்தைச் செலவழிக்கலாம்.

கடையில் நிற்கும்போது

திருமலைக் கடைகளில் கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் 400 வோல்ற் உருளைதான். காரணம் இருக்கிறது. தொலைக்காட்சியும் சார்ஜரும் 230 வோல்ற் சுவர் மின்சாரத்தை நேராக டிசி ஆக்குகின்றன, உச்சம் 325 வோல்ற், அதற்கு 400 போதும். அதனால் திருத்துகிற கடைகளில் அதுதான் குவிந்திருக்கும். "இது ஹை வோல்ற்றேஜ் தான் தம்பி" என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை, ஆனால் உங்கள் அம்புக்கு அது காணாது. கொழும்புக்குப் போகிறவர் யாரும் இருந்தால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்க வேண்டும்.

பழைய பலகையில் இருந்து கழற்றினது வேண்டாம். அளவுக்கு மிஞ்சிப் பாரமில்லாமல் இருக்கிற பெரிய உருளையையும் சந்தேகியுங்கள், பெரிய உறைக்குள் சின்னதை ஒளித்து விற்கிற போலிகள் உலகம் முழுக்க உண்டு.

பழைய அம்பில் இரண்டு முனையிலும் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற வகை இருக்கும், இப்போது மலிவாகக் கிடைப்பது இரண்டு காலும் ஒரே பக்கத்தில் இருக்கிற வகை. இரண்டாவதையும் பாவிக்கலாம். ஒரு காலை நீட்டி உறை போட்டு, உருளையைப் பலகையில் அசையாமல் ஒட்டுங்கள். ஒலிபெருக்கியோடு ஒரே பெட்டியில் இருக்கிற அம்ப் அதிர்ந்துகொண்டே இருக்கும், ஒட்டாவிட்டால் கால் முறியும். ஒட்டுகிற சிலிக்கன் புளித்த வாடை அடிக்கிற வகையாக இருக்கக் கூடாது, அதில் வருகிற அமிலம் கம்பியை அரிக்கும். கடல் உப்புக் காற்று செய்கிற வேலையே போதும்.

ஒரே தகர உருளைக்குள் இரண்டு மூன்று கப்பாசிட்டர் அடங்கினதும் உண்டு. அடியில் அரைவட்டம், சதுரம், முக்கோணம் என்று வெட்டியிருக்கிற குறிகள் எது எந்த அளவு என்று சொல்லும். அதே மாதிரிப் புதியது கிடைக்காவிட்டால் தனித்தனியாக உள்ளே வைக்கலாம், பழைய உருளையை அழகுக்கு விட்டுவிடலாம். ஆனால் அதன் கம்பிகளைக் கட்டாயம் கழற்ற வேண்டும். பழையதைக் கழற்றாமல் அதன் மேலேயே புதியதை ஈயம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். உறுமல் நின்றுவிடும்தான், கசிவோ அப்படியே இருந்து ஒரு நாள் ஷோர்ட் ஆகும்.

தலை மாறினால்

எலெக்ட்ரோலிட்டிக்குக்கு நேர் முனை, மறை முனை உண்டு. மாறிப் போட்டால் ஒக்சைட் படலம் கரைந்து, சூடாகி வெடிக்கும். இரண்டு பக்கமும் கம்பி இருக்கிற வகையில் வளையப் பள்ளம் இருக்கிற பக்கம் நேர், கோடும் அம்புக்குறியும் காட்டுகிற பக்கம் மறை.

பெரும்பாலான இடங்களில் மறை முனை பூமிக்குப் போகும். பயஸ் கப்பாசிட்டரில் மட்டும் இது தலைகீழ். அங்கே இருப்பது மறை வோல்ற்றேஜ், அதனால் நேர் முனைதான் பூமிக்குப் போக வேண்டும். பழையதைக் கழற்றும் முன் படம் எடுத்து வையுங்கள். இந்த இடத்துக்குப் பழையதில் 50 வோல்ற் இருந்தாலும் 100 வோல்ற்றில் போடுவது நல்லது.

கை வைக்கும் முன்னும், முதல் சுவிட்சும்

பிளக்கைக் கழற்றின பிறகும் 400 வோல்ற்றுக்கு மேல் உள்ளே நிற்கலாம், ஆளைக் கொல்ல அது போதும். 10 கிலோஓம், 5 வொட் ரெசிஸ்டர் ஒன்றை உறை போட்ட கிளிப்போடு சட்டத்துக்கும் கப்பாசிட்டரின் நேர் முனைக்கும் இடையில் பிடித்தால் 100 மைக்ரோபரட் கூட ஐந்தாறு செக்கனில் இறங்கிவிடும். ஸ்குரூ டிரைவரால் தட்டி இறக்குகிற பழக்கத்தை விடுங்கள். இறக்கின பிறகு மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அளவுங்கள், கப்பாசிட்டரில் வோல்ற்றேஜ் தானாகவே சற்று மீண்டு எழும்பும். இந்தப் பகுதியை வாசிக்கும்போது தயக்கமாக இருந்தால், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் நேராகச் சுவரில் செருக வேண்டாம். 60 வொட் இழை பல்ப் ஒன்றை அம்போடு தொடராகப் போட்டுச் சுவிட்சை இடுங்கள், பெரிய அம்புக்கு 100 வொட். எல்ஈடி பல்ப் இதற்குச் சரிவராது. பல்ப் ஒரு கணம் பிரகாசித்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷோர்ட், உடனே நிறுத்துங்கள்.

பல்பை எடுத்துவிட்டு ஒரு மணித்தியாலம் ஓட்டி, சுற்றுப்படத்தில் இருக்கிற வோல்ற்றேஜ்களோடு ஒப்பிட்டு, பிறகு உறுமலைக் கேளுங்கள். இன்னும் இருந்தால், கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிற, ஒலியின் ஹேர்ட்ஸ் காட்டுகிற செயலி ஒன்றை ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடியுங்கள். 100 இல் உயர்ந்து நின்றால் ஏதோ ஒரு கப்பாசிட்டர் சரியில்லை, அல்லது வெளியீட்டு வால்வுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. 50 இல் நின்றால் பெரும்பாலும் டிசியைச் சீராக்குகிற பெரிய கப்பாசிட்டர்களில் பிழை இல்லை. வால்வைச் சூடாக்குகிற ஹீற்றர் கம்பிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றனவா, பூமித் தொடுப்பு எங்கேயாவது துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.